ஏட்டில் ஏறாத சுகப்பிரசவங்கள்

தமிழில் ‘சுகப்பிரசவம்’ என்றொரு சொல் உண்டு. இன்றைய மருத்துவமனைப் பேச்சில் அது அறுவை செய்யாத பிரசவம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆயுதம் போட்டு எடுத்திருந்தாலும், பன்னிரண்டு மணி நேரம் ஒருத்தி துணையின்றிக் கிடந்து ஏச்சு வாங்கியிருந்தாலும், வயிற்றைக் கீறவில்லை என்றால் அது சுகப்பிரசவக் கணக்கில் சேர்ந்துவிடும். சொல்லின் முற்பாதியில் நிற்கும் சுகம் யாருடையது, அது எதனால் ஆனது என்ற கேள்வி மருத்துவ ஏடுகளில் எழுவதில்லை. இந்தியப் பிரசவத்தின் வரலாற்றை எழுதியோரும் அண்மைக் காலம் வரை அதைப் பெரிதாகக் கேட்டதில்லை.

முதல் தேசியக் குடும்பநல ஆய்வு (1992-93) இந்தியாவில் நூற்றுக்கு 26 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்ததாகக் கணக்கிட்டது. ஐந்தாம் ஆய்வில் (2019-21) அந்த எண் 89. முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு பெருநாட்டின் பிறப்பிடமே இடம்பெயர்ந்திருக்கிறது. வீட்டில் பெற்றெடுத்த கோடிக்கணக்கான பெண்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களில் பலர் அந்த நாளை மகிழ்ச்சியாகவே நினைவுகூர்வதுண்டு. ஆனால் ஆவணக் காப்பகத்தில் அந்த மகிழ்ச்சிக்குச் சான்று தேடுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். காரணம் எளியது. நல்லபடியாக முடிந்த வீட்டுப் பிரசவம் எந்தக் காகிதத்தையும் பிறப்பிப்பதில்லை. குழந்தை அழுதது, நச்சுக்கொடி விழுந்தது, தாய்க்கு வெந்நீர் ஊற்றினார்கள், மருத்துவச்சிக்கு அரிசியும் சேலையும் கொடுத்தார்கள். அத்துடன் கதை முடிந்தது. காகிதம் பிறப்பது தவறு நேர்ந்தபோதுதான்.

காலனிய ஆவணங்கள் இந்த விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1866-இல் அமிர்தசரசில் நாட்டு மருத்துவச்சிகளுக்கு வகுப்பு தொடங்கப்பட்டது. 1885-இல் டஃப்ரின் சீமாட்டியின் நிதியம் உருவாகி, பெண் மருத்துவர்களையும் பெண்களுக்கான மருத்துவமனைகளையும் நாடெங்கும் கொண்டுசென்றது. கர்சன் சீமாட்டியின் முயற்சியில் 1903-இல் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியம் செயல்படத் தொடங்கியது. பரம்பரை மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிப்பதே அதன் நோக்கம். அந்த நிதியம் 1918-இல் வெளியிட்ட, இந்தியாவில் பிரசவ நிலைமைகளை மேம்படுத்துவது பற்றிய தொகுப்பு நூலில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து மருத்துவர்கள் எழுதிய அறிக்கைகள் இடம்பெற்றன. இருண்ட அறை, கரிப்புகை, அழுக்குத் துணி, கழுவாத கை, துருப்பிடித்த கத்தி எனத் தொடரும் அந்தச் சித்திரம் வாசிப்பவரை நடுங்க வைக்கும். கேத்தரின் மேயோ 1927-இல் ‘மதர் இந்தியா’வை எழுதியபோது அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். சுயராஜ்யத்துக்கு இந்தியர் தகுதியற்றவர் என்று நிறுவப் புறப்பட்ட நூலுக்குப் பிரசவ அறையைவிட வசதியான சான்று கிடைத்திருக்காது.

இந்த அறிக்கைகள் பொய் சொல்லவில்லை. அவற்றை எழுதிய மருத்துவர்கள் பலர் இரவு பகலாக உழைத்தவர்கள். தாங்கள் கண்டதையே எழுதினார்கள். எப்போது கண்டார்கள் என்பதில்தான் சிக்கல். மூன்று நாள் வலிக்குப் பிறகு, குழந்தையின் கை மட்டும் வெளியே வந்த நிலையில், குடும்பம் எல்லா வழியும் அடைபட்டுக் கடைசியாக வண்டி அனுப்பியபோதுதான் மருத்துவருக்கு அந்த வீட்டின் வாசல் திறந்தது. விபத்துப் பிரிவில் மட்டும் பணியாற்றியவர் சாலைப் பயணத்தைப் பற்றி எழுதியது போன்றது அது. அவர் எழுதிய ஒவ்வொரு விபத்தும் உண்மை. பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

எனினும் இந்த வாதத்தை நீட்டி, ‘பழங்காலத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது’ என்று முடிப்பது எண்களுக்குச் செய்யும் துரோகம். போர் குழு 1946-இல் அளித்த அறிக்கை, ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார், ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பேர் இறப்பதாக மதிப்பிட்டது. ஆயிரத்துக்கு 20 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒருத்தி ஆறு முறை பெற்றெடுக்கும் ஊரில் அதே விகிதம் நீடித்தால், ஏறத்தாழ ஒன்பது பெண்களில் ஒருத்தி பிரசவத்தில் சாவாள். பெண்கள் குளிக்கும் எந்தப் படித்துறையிலும் அந்த வெற்றிடம் தெரிந்திருக்கும். வீட்டுப் பிரசவத்தின் நல்ல நினைவுகளைப் பற்றிப் பேசும் எந்த வரலாறும் இந்தக் கணக்கை அருகில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அதே சமயம், மீதமுள்ள 980 பிரசவங்களும் வரலாற்றின் பகுதியே. அவற்றுள் எத்தனை நல்லபடியாக நடந்தன, ஏன் நடந்தன என்பதை ஆராய மறுத்தால், எதைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைக் காலனிய மருத்துவர்களுள் கூர்மையாகக் கேட்டவர்களில் ஒருவர் கேத்லீன் ஓல்கா வாகன். காஷ்மீரின் ஸ்ரீநகரில் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றிய அவர் ஒரு புதிரை எதிர்கொண்டார். நகரத்து வசதியான குடும்பங்களின் பெண்கள் பலருக்கு இடுப்பெலும்பு நெளிந்து, பிள்ளை வெளியேற வழியில்லாமல் போயிருந்தது. ஆஸ்டியோமலேசியா எனப்படும் எலும்பு மென்மையாகும் நோய் அதற்குக் காரணம். ஜீலம் ஆற்றிலும் ஏரிகளிலும் படகில் வாழ்ந்த உழைக்கும் பெண்களிடம் அந்த நோயைக் காண்பது அரிதாக இருந்தது. அவர்கள் எளிதாகப் பிள்ளை பெற்றார்கள். இரு சாராரும் அதே பள்ளத்தாக்கில், அதே குளிரில், மருத்துவமனைக்கு வெளியே பெற்றெடுப்பவர்கள்தாம். வேறுபாடு வெயிலில் இருந்தது. பருவமெய்திய நாள் முதல் வெளிச்சம் புகாத அறைகளில் அடைக்கப்பட்ட பெண்ணின் எலும்பும், துடுப்புப் போட்டு, குத்துக்காலிட்டு அமர்ந்து, வெயிலில் உலவிய பெண்ணின் எலும்பும் ஒன்றாக இருக்க முடியாது. வைட்டமின் ‘டி’ பற்றிய அறிவு அப்போதுதான் ஐரோப்பிய ஆய்வகங்களில் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. 1928-இல் வெளியான அவரது சிறு நூல் பர்தா முறையும் தாய்மையும் பற்றியது.

வாகனின் முடிவில் ஒரு முக்கியமான திருப்பம் இருக்கிறது. அவருடைய சமகாலத்தவர் பலர் குற்றத்தை மருத்துவச்சியின் கைகளில் கண்டனர். வாகனோ பிரசவத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பப்பட்ட சுவரில் அதைக் கண்டார். இங்கிலாந்து திரும்பியபின் 1937-இல் பாதுகாப்பான பிரசவம் பற்றி அவர் எழுதிய நூல் மூன்று அடிப்படைகளை முன்வைத்தது: வட்டமான இடுப்பெலும்பு வாய், நெகிழ்வான மூட்டுகள், இயல்பான அமர்வுநிலை. மல்லாந்து படுக்கவைத்துப் பிள்ளை பெறச் செய்வது தவறு, குத்துக்காலிட்டு அமர்வதே பொருத்தம் என்ற அவரது வாதத்துக்குக் கீழை நாட்டு உழைக்கும் பெண்களைப் பற்றிய அவதானிப்பும் அடிப்படையாக இருந்தது. இங்கிலாந்தில் கர்ப்பகால உடற்பயிற்சிகளை வலியுறுத்திய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். இந்தியப் பெண்களுக்கு மேசையில் படுத்துப் பெறக் கற்பிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், இந்தியப் பெண்களின் அமர்வுநிலை கடல் தாண்டி மருத்துவ அறிவாகப் பயணித்தது என்பது விசித்திரம்தான். வாகனின் எழுத்தில் ‘இயற்கையோடு ஒன்றிய எளிய பெண்’ என்ற காலனியக் கற்பனையின் சாயல் உண்டு. அதை விலக்கித்தான் அவரைப் படிக்க வேண்டும். ஆனாலும் நல்ல பிரசவம் ஒன்றைக் கண்டு, அதற்குக் காரணம் தேடிய மருத்துவர்கள் அந்த ஆவணக் குவியலில் வெகு சிலரே.

நடமாட்டமும் அமர்வுநிலையும் இங்கே புதிய செய்தியல்ல. சரக சம்ஹிதையின் சாரீரஸ்தானம், வலி கண்ட பெண் உலக்கையெடுத்துத் தானியம் குத்த வேண்டும் என்று சிலர் சொல்வதை எடுத்துரைத்து, ஆத்ரேயர் அதை மறுப்பதாகப் பதிவு செய்கிறது. கடும் உழைப்பு அந்நேரத்தில் ஆகாது. கொட்டாவி விடுவதும் மெல்ல நடப்பதும் போதும் என்கிறார் அவர். உடன் இருக்க வேண்டிய பெண்களுக்கான தகுதிகளையும் அந்த நூல் சொல்கிறது. அவர்கள் பலமுறை பெற்றவர்களாக, அன்புள்ளவர்களாக, சிரமம் பொறுப்பவர்களாக, இன்சொல் பேசுபவர்களாக இருக்க வேண்டும். இது வசதி படைத்தோர் வீட்டுக்கு எழுதப்பட்ட விதி. எல்லா வீட்டிலும் நடந்த வழக்கம் என்று கொள்ள இடமில்லை. ஆயினும் பிரசவத்துக்கு வேண்டிய ‘சாதனங்கள்’ பட்டியலில் அன்புடைமையையும் சேர்த்துச் சொன்ன மருத்துவ நூல் ஒன்று இருந்தது என்பது கவனத்துக்குரியது.

வட இந்தியாவில் மருத்துவச்சியைத் ‘தாயி’ என்பர். தமிழ்த் தாய்க்கும் அந்தச் சொல்லுக்கும் உறவில்லை. செவிலியைக் குறிக்கும் பாரசீக ‘தாயா’விலிருந்து வந்தது அது. அவர்களுடைய அறிவை அவர்கள் வாய்மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்யும் முயற்சி 1990களில்தான் வலுப்பெற்றது. ஜேனட் சாவ்லா வழிநடத்திய ‘மாத்ரிகா’ ஆய்வுத் திட்டம் ராஜஸ்தானின் பிகானேர், பீகார், பஞ்சாபின் ஃபதேகர் சாகிப், தில்லியின் மறுகுடியமர்வுப் பகுதிகள் ஆகிய இடங்களில் மருத்துவச்சிகளைக் கூட்டி அமரவைத்துப் பேசச் செய்தது. அங்கே வெளிப்பட்டது திறப்பு என்னும் கருத்தைச் சுற்றிப் பின்னப்பட்ட ஓர் உலகம். வலி கண்டதும் பெண்ணின் கூந்தலை அவிழ்த்துவிடுகிறார்கள். வீட்டிலுள்ள பெட்டிகளின் பூட்டுகளைத் திறக்கிறார்கள். முடிச்சுகளை அவிழ்க்கிறார்கள். காய்ந்து சுருண்ட மரியம் பூவைத் தண்ணீரில் இடுகிறார்கள். அது மெல்ல விரிவதைப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உடல் திறக்கும், திறக்க அதற்கு நேரம் வேண்டும் என்பதை வீடு முழுவதும் அவளுக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அச்சத்தால் இறுகும் உடலில் வலியின் முன்னேற்றம் தடைப்படும் என்பது இன்று மருத்துவம் ஏற்கும் கருத்து. இறுகாமல் வைத்திருக்கும் ஒரு நுட்பமாக அந்தச் சடங்கைப் படிப்பதில் தவறில்லை.

தொப்புள்கொடி விஷயம் இன்னும் தெளிவானது. நச்சுக்கொடி விழும் வரை தொப்புள்கொடியை அறுக்காமல் காத்திருப்பது பல பகுதிகளின் வழக்கம். குழந்தை மூச்சுவிடாமல் கிடந்தால், கொடி அறுபடாத நிலையில் நச்சுக்கொடியைச் சூடாக்கி உயிர்ப்பிக்க முயன்றதையும் மருத்துவச்சிகள் விவரித்திருக்கிறார்கள். உடனடியாக அறுக்கக் கற்பித்த மருத்துவம் இந்தக் காத்திருப்பை அறியாமை என்று கண்டித்தது. இன்று உலக சுகாதார நிறுவனமே குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருந்து கொடியை இறுக்கச் சொல்கிறது. ஆனால் அறுத்த கருவி அரிவாளாகவோ மூங்கில் சீவலாகவோ இருந்தபோது, அதன் வழியே ரணஜன்னி புகுந்து எண்ணற்ற பச்சிளங்குழந்தைகளைக் கொன்றது. அந்த நோய் ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாமல் போனதாக இந்தியா சான்று பெற்றது 2015-இல்தான். அறுக்கும் நேரத்தை அறிந்திருந்த கைக்குச் சுத்தமான ஒரு சவரத்தகடு கொடுத்திருந்தால் போதுமானதாக இருந்த ஊர்கள் எத்தனையோ.

‘வீடு’ என்ற சொல்லை இங்கே நிறுத்தி விசாரிக்க வேண்டும். யாருடைய வீடு? தென்னிந்தியாவில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து அழைத்துவரப்பட்ட பெண், தான் வளர்ந்த அறையில், தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தலாம், கோபப்படலாம், பத்தியச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கலாம். பட்ரீஷியா ஜெஃப்ரியும் ரோஜர் ஜெஃப்ரியும் ஆண்ட்ரூ லியானும் உத்தரப்பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் ஆய்ந்து 1989-இல் வெளியிட்ட நூலில் காணும் வீடு வேறு. அங்கே மருமகள் மாமியார் வீட்டில்தான் பெற வேண்டும். பிறந்த வீட்டில் பெறுவது வெட்கக்கேடு. வலியில் குரல் எழுப்புவதும் வெட்கக்கேடு. அவளைச் சுற்றியிருப்பவர்கள் அவள் முக்காட்டை விலக்க முடியாதவர்கள். அந்தப் பெண்ணுக்கு வீட்டுப் பிரசவம் என்பது ‘சொந்த இடத்தில்’ பெறுவது அன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுந்த வீட்டுப் பிரசவ இயக்கங்களின் மொழியை அப்படியே இங்கே பொருத்தும் கட்டுரைகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

அதே நூல் மருத்துவச்சியைப் பற்றியும் கசப்பான ஒன்றைச் சொல்கிறது. பிஜ்னோரில் அவள் பெரும்பாலும் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட சாதியினள். பிரசவத்தின் ‘தீட்டை’ அகற்றவே அழைக்கப்பட்டவள். கொடி அறுப்பது, நச்சுக்கொடி புதைப்பது, இரத்தத் துணி அலசுவது ஆகிய வேலைகளை வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதால் அவை அவள் தலையில் விழுந்தன. முடிவெடுப்பவர் மாமியார், மருத்துவச்சி கூலிக்கு வந்தவள். ஆண் குழந்தைக்கு ஒரு கூலி, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைவு என்ற வழக்கம் வட இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. அவத், போஜ்புரிப் பகுதிகளில் பிறப்பின் மகிழ்ச்சியைக் கொண்டாடும் ‘சோகர்’ பாடல்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளை பிறந்தபோதே பாடப்பட்டன என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக, ஒருத்தியின் சுகப்பிரசவம் மற்றொருத்தியின் தீட்டு உழைப்பின் மேல் நின்றது; அந்த மகிழ்ச்சிக்கும் பால் வேற்றுமை இருந்தது. மருத்துவச்சியின் திறனைப் போற்றும் ஆய்வுகள் இந்த உண்மையைச் சில வேளைகளில் விரைந்து கடந்துவிடுகின்றன. அவள் திறமைசாலி, அதே நேரம் அவமதிக்கப்பட்டவள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லாத வரலாறு பாதி வரலாறுதான்.

திறமையும் மதிப்பும் கருவியும் ஒன்றுசேர்ந்தால் வீட்டிலேயே என்ன நிகழ முடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி சான்று. மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் ஆகியோர் நடத்தும் ‘சர்ச்’ நிறுவனம் 1990களில் அங்கே 39 கிராமங்களில் ஒரு சோதனையை மேற்கொண்டது. அந்தக் கிராமங்களில் பிரசவங்கள் பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தன. பிரசவத்தை மருத்துவமனைக்கு மாற்றுவதை அவர்கள் முன்நிபந்தனையாக வைக்கவில்லை. மருத்துவச்சி வழக்கம்போலத் தன் பணியைச் செய்தாள். அவளோடு, ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி பயிற்சி பெற்று, பிறந்த கணம் முதல் குழந்தையைக் கவனித்தாள். எடை பார்த்தாள், மூச்சுத் திணறினால் கருவி கொண்டு காற்றூட்டினாள், சூட்டுடன் வைத்திருந்தாள், தொற்று கண்டால் ஊசி மருந்து செலுத்தினாள், தொடர்ந்து வீட்டுக்கு வந்து பார்த்தாள். 1999-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமங்களை நோக்க, பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. மலைக்கவைக்கும் எண் அது. கூரைவீட்டின் தரையில் பிறந்த குழந்தை பிழைப்பதற்குக் கூரை தடையாக இருக்கவில்லை. அருகில் அறிந்தவர் இல்லாததே தடையாக இருந்தது. 2011 முதல் ஆஷா பணியாளர்கள் நாடெங்கும் வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் திட்டம் இந்தச் சோதனையின் வழித்தோன்றல்.

கட்சிரோலி ஆய்வாளர்கள் தாய்மார் பக்கத்தையும் மறைக்கவில்லை. வீட்டில் பெற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்த அவர்களது மற்றோர் ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு அவசர மகப்பேற்றுச் சிகிச்சை தேவைப்படலாம் என்று மதிப்பிட்டது. குழந்தையின் மூச்சை வீட்டில் மீட்கலாம். தாயின் இரத்தப்போக்குக்கு இரத்தம் வேண்டும், அறுவைக்கூடம் வேண்டும், அங்கே போய்ச்சேர வண்டியும் வேண்டும். வீட்டுப் பிரசவத்தின் நல்ல அனுபவம் எப்போதும் வீட்டுக்கு வெளியேயும் வேர் விட்டிருந்தது. சாலை இல்லாத ஊரில் அந்த வேர் அறுந்திருந்தது.

2005-இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம், மருத்துவ நிலையத்தில் பெறும் ஏழைப் பெண்ணுக்குப் பணம் வழங்கியது. பின்தங்கிய மாநிலங்களின் கிராமப்புறத்தில் தாய்க்கு 1400 ரூபாய். பெண்கள் திரளாக மருத்துவமனைக்கு வந்தனர். 1997-98-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 398 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20-இல் 97 ஆகக் குறைந்தது. இந்த இறக்கத்தில் பணத்தூண்டலின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கல்வி, திருமண வயது, குறைந்த மகப்பேறுகள், சாலைகள் எல்லாமே சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. எப்படியாயினும் இது பெரும் சாதனை. இதற்கிடையே, திறன்பெற்ற பிரசவ உதவியாளர் என்ற புதிய வரையறைக்குள் பரம்பரை மருத்துவச்சிக்கு இடமில்லாமல் போயிற்று. 1970களில் ஆயிரம் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்று இலக்கு வைத்த அரசு, அவளைப் பயிற்றுவிப்பதைக் கைவிட்டது. பல ஊர்களில் அவள் கர்ப்பிணியை மருத்துவமனை வாசல் வரை கொண்டுவிடும் வழித்துணையானாள்.

வாசலுக்கு உள்ளே என்ன இருந்தது? தமிழ்நாட்டில் 1990களின் நடுவில் களப்பணி செய்து சிசீலியா வான் ஹாலன் 2003-இல் வெளியிட்ட நூல் அதற்கு விடை சொல்கிறது. அரசு மருத்துவமனைக்குப் போவதா வீட்டில் பெறுவதா என்று ஏழைப் பெண்கள் எடை போட்டபோது, அவர்கள் தராசில் இருந்தவை நடைமுறைக் கணக்குகள். ஒவ்வொரு படியிலும் கேட்கப்படும் கையூட்டு, வலியில் கத்தினால் கிடைக்கும் வசை, துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்துவது, பெற்றவுடன் தன்னைக் கேளாமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்படும் என்ற அச்சம். வீட்டில் பெற விரும்பியவர்களை ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று குறிப்பது எளிய நிர்வாக வழக்கம். அவர்கள் நன்றாகவே விழித்திருந்தார்கள். அதே பெண்களில் பலர் பிரசவத்தை விரைவுபடுத்தும் ஊசியைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள் என்பதையும் வான் ஹாலன் பதிவு செய்கிறார். ‘மரபு எதிர் நவீனம்’ என்ற கோட்டின் எந்தப் பக்கத்திலும் அவர்கள் நின்றதாகத் தெரியவில்லை. நல்ல பிரசவம் எங்கே கிடைக்கும் என்றுதான் தேடினார்கள்.

2018 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவ நேரப் பராமரிப்புக்கான பரிந்துரைகளின் தலைப்பிலேயே ‘நல்ல பிரசவ அனுபவம்’ என்ற தொடர் இடம்பெற்றது. பெண் தான் விரும்பும் துணையை வைத்துக்கொள்ளலாம், நடக்கலாம், நிமிர்ந்த நிலையில் இருக்கலாம், உண்ணலாம், குடிக்கலாம், மயிர் மழிப்பதும் எனிமா கொடுப்பதும் வழக்கமாகச் செய்ய வேண்டியவை அல்ல, பிறப்புவாயைக் கீறுவதும் எல்லோருக்கும் வேண்டாம், அவளை மதிப்போடு நடத்த வேண்டும். பிகானேரிலோ பீகாரிலோ ஒரு முதிய மருத்துவச்சிக்கு இதை வாசித்துக் காட்டியிருந்தால், இதற்கா இத்தனை காகிதம் என்றிருப்பாள். ஆனால் அந்தப் பரிந்துரைகள் அவளை மேற்கோள் காட்டவில்லை. அவளுடைய ஏடு எதுவும் இல்லாததால் காட்டவும் வழியில்லை.

அதே ஆண்டு ஜூலையில் திருப்பூரில், காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் இளம் பெண் ஒருவர் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். செய்தித்தாள்கள் அதை ‘மரபுவழிப் பிரசவம்’ என்று எழுதின. பல நூறு பிரசவம் கண்ட ஒரு கை அந்த வீட்டில் இல்லை என்னும்போது, அதில் மரபு எங்கே இருந்தது என்று கேட்டவர் சிலரே.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டம், பாவகடா வட்டத்தைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மாவுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டிருந்தது. ‘சூலகித்தி’ என்பது கன்னடத்தில் மருத்துவச்சியைக் குறிக்கும் சொல். தமிழின் ‘சூல்’ அதன் உடன்பிறப்பு. பள்ளி சென்றறியாத அவர் பிரசவம் பார்க்கும் கலையைத் தம் பாட்டியிடம் கற்றார். 1940-இல் தம் அத்தைக்குப் பிரசவம் பார்க்கத் துணைநின்றதில் தொடங்கி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கூலி வாங்காமல் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த எண்ணைச் சரிபார்க்கப் பதிவேடு கிடையாது. மருத்துவ வசதி எட்டாத அந்த வறண்ட வட்டாரத்தில், அவர் கையில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர்களே பதிவேடு. தும்கூரு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது.

2018 டிசம்பரில் இந்திய அரசு பிரசவச் செவிலியர் சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சிக்கலில்லாத பிரசவங்களை மருத்துவரின்றித் தாமே நடத்தக்கூடிய ஒரு புதிய பணிப்பிரிவை, பெண்ணை மையமாகக் கொண்ட, மதிப்பான பராமரிப்பை நோக்கமாக வைத்து உருவாக்குவது திட்டம். பதிவு பெற்ற செவிலியர் அதற்கு 18 மாதப் பயிற்சி பெற வேண்டும். அந்த மாதம் 25-ஆம் நாள் பெங்களூரில் நரசம்மா காலமானார். வயது 98.